பால் கொடுக்கும்போது வலியா? புட்டி வாங்கப் போகும் முன்பு...

பிரசவ வலியைப் பற்றி எல்லோரும் சொல்லி வைக்கிறார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் தொடங்கும் இன்னொரு வலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அது பால் கொடுக்கும்போது வரும் வலி. குழந்தை வாய் வைத்ததும் உச்சந்தலை வரை சுரீர் என்று ஏறும். மார்பு கல்லாக இறுகும். காம்பு வெடித்து ரத்தம் கசியும். குழந்தை அழுதாலே தாய்க்கு நடுக்கம் வந்துவிடும். "ஐயோ, மறுபடியும் பால் கேட்கிறதே" என்று கண்ணீர் விடும் தாய்மார்கள் பலர் உண்டு.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாய்க்குப் பாசம் குறைவு என்பதும் இல்லை. முதல் சில வாரங்களில் இந்த வலி மிகப் பல பெண்களுக்கு வருகிறது. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். காரணம் தெரியாததால்தான் நல்ல பால் இருந்தும் பல வீடுகளில் பால் டப்பா ஏறிவிடுகிறது.

ஊரில் என்றால் அம்மா இருப்பாள், ஆத்தா இருப்பாள், பக்கத்து வீட்டுச் சித்தி இருப்பாள். "இப்படி வைத்துக் கொடு" என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள். பிழைப்புக்காக மும்பைக்கு வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் பெண்ணுக்கு அந்தக் கை கிடைப்பதில்லை. கணவர் ஷிப்டு வேலைக்குப் போய்விடுவார். நர்சு பேசும் மராத்தி புரியாது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பால் கொடுக்கும் நேரமாகவே இருக்கும்.

இந்தக் குடும்பங்களுக்காகவே இந்தக் கட்டுரை.

காம்பைச் சப்பினால் பால் வராது

வலிக்கு முதல் காரணம், குழந்தை வாய் வைக்கும் விதம். பத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான் என்று சொன்னாலும் மிகை ஆகாது.

குழந்தை காம்பைச் சப்பிப் பால் குடிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் போகவேண்டும். அங்கே நாக்கு அழுத்தும்போதுதான் பால் பீறிட்டு வரும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் குழந்தைக்குப் பால் வராது. தாய்க்குப் புண்தான் வரும்.

ஏன் புண் வருகிறது? உங்கள் நாக்கு நுனியால் மேல் அண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு போலக் கெட்டியாக இருக்கும். நாக்கைப் பின்னுக்குக் கொண்டுபோனால் மெத்தென்று இருக்கும். மார்பு ஆழமாக வாய்க்குள் போனால் காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் போய்ச் சேரும். வலி இருக்காது. நுனியில் மட்டும் கவ்வினால் காம்பு கெட்டி அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் சிக்கி, அம்மியில் வைத்த மாதிரி அரைபடும்.

குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாகவே இருந்தால் சரி. ஒரு பக்கம் நசுங்கிச் சரிவாகவோ, வெளுத்தோ இருந்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம்.

முதல் வாரத்தில் வாய் வைத்த உடனே சில விநாடி கூச்சமோ லேசான வலியோ வருவது சகஜம். மனதுக்குள் முப்பது எண்ணுவதற்குள் அது அடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவேண்டாம். பிடியை மாற்றவேண்டும்.

பிடிக்கும் முறை

தரையில் உட்கார்ந்து கொடுப்பதானால் சுவரில் நன்றாக முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மார்புக்குக் கொண்டுவரவேண்டும். மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் குனியக்கூடாது. குனிந்தால் முதுகும் போகும், பிடியும் போகும்.

குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்கவேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. பச்சைக் குழந்தையால் எப்படி முடியும்?

குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேல் உதட்டை லேசாகத் தடவுங்கள். குழந்தை கொட்டாவி விடுவது போல வாயை அகலமாகத் திறக்கும். அதுவரை பொறுத்திருங்கள். திறந்த உடனே குழந்தையைச் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். முகவாய் முதலில் மார்பைத் தொடவேண்டும். பின்தலையைப் பிடித்து அமுக்கக்கூடாது. கழுத்தடியிலும் தோளிலும் தாங்கினால் போதும்.

மார்பைத் தாங்கும் கை கருவட்டத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். இரண்டு விரலுக்கு நடுவே கத்தரி போல் காம்பைப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது பாலையும் தடுக்கும், பிடியையும் கெடுக்கும்.

சரியாகப் பிடித்திருந்தால் அடையாளம் இவை: வாய் அகலமாகத் திறந்திருக்கும். கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும். முகவாய் மார்போடு ஒட்டியிருக்கும். கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும்; கீழ்ப்பக்கம் அநேகமாகத் தெரியாது. கன்னம் உப்பியிருக்கும். மெதுவாக, ஆழமாக இழுத்து, இடையிடையே விழுங்கும் ஓசை கேட்கும்.

கன்னம் குழிந்தாலோ, "டக் டக்" என்று சத்தம் வந்தாலோ பிடி தப்பு. அப்போது குழந்தையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. கழுவிய சுண்டு விரலை வாயின் ஓரத்தில் நுழைத்தால் பிடி தானே விடும். மறுபடியும் முதலிலிருந்து வையுங்கள். நான்கு தடவை ஆனாலும் சரி. முதல் வாரத்தில் படும் இந்தச் சிரமம் அடுத்த ஆறு மாதத்துக்கு லாபம்.

ஆபரேஷன் பிரசவம் ஆனவர்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். அல்லது குழந்தையின் உடம்பைக் கக்கத்துக்கு அடியில் இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். தையல் மேல் பாரம் விழாது.

பால் கட்டிக்கொண்டால்

பிரசவமான முதல் இரண்டு மூன்று நாள் வருவது மஞ்சள் நிறச் சீம்பால். கொஞ்சம்தான் வரும். குழந்தையின் வயிறும் அப்போது கொஞ்சம்தான். இது கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோயைத் தடுக்கும் சக்தி நிறைந்த பால் அது. ஒரு சொட்டும் வீணாக்கக்கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பால் திடீரென்று பெருகும். மார்பு கனத்து, சூடாகி, கல் போல இறுகும். இதைத்தான் பால் கட்டிக்கொண்டது என்கிறோம். கருவட்டமும் இறுகிவிடுவதால் குழந்தையால் கவ்வ முடியாது. நுனியை மட்டும் கடிக்கும். புண் தொடங்குவது அநேகமாக இந்த நாட்களில்தான்.

மருந்து எளிது. பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கொடுக்கும் முன் கருவட்டத்தைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கையால் கொஞ்சம் பால் பீய்ச்சி விடுங்கள். இடம் மெத்தென்று ஆனதும் குழந்தையை விடுங்கள். கொடுத்து முடித்த பிறகு ஈரத் துணியால் குளிர்ச்சியாக ஒற்றினால் வீக்கமும் வலியும் தணியும்.

முரட்டுத்தனமாக உருவி விடுவது வேண்டாம். "நன்றாக அமுக்கித் தேய்த்தால் கட்டி கரையும்" என்பார்கள். உள்ளே வீங்கிய இடத்தை அமுக்கினால் வீக்கம்தான் அதிகமாகும் என்று இப்போது டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் மல்லிகைப் பூ. மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டும் கைமருந்து நம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்ததே. அது பாலை வற்றவைக்கும் வைத்தியம். குழந்தையை இழந்த தாய்க்குச் செய்வார்கள். இதை வேலூரில் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையைப் போலவே மல்லிகையும் வேலை செய்வதாக 1988-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. ஆகவே வலி தணியட்டும் என்று பால் கொடுக்கும் தாய்க்கு மல்லிகை கட்டிவிட்டால், பாலும் சேர்ந்து போகும். எச்சரிக்கை தேவை.

தாராவியில் ஒரு வீடு

நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. கணவர் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை. மனைவிக்கு முதல் பிரசவம். தாய் வீட்டுக்குப் போகவேண்டியவள். ஒன்றரை நாள் ரெயில் பயணத்துக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஊரில் தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதால் பிரசவம் மும்பையிலேயே ஆயிற்று.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கூட்டமான வார்டு. குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நான்காம் நாள் பால் கட்டியது. ஐந்தாம் நாள் காம்பு வெடித்தது. ஆறாம் நாள் குழந்தை கக்கிய பாலில் ரத்தம் தெரிந்தது. வீடே அலறிவிட்டது. அது தாயின் காம்பிலிருந்து கசிந்த ரத்தம். குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு மனது கேட்கவில்லை. "ஏ பிள்ள, பச்சப் புள்ளயப் பட்டினி போட்டுக் கொல்லாத. ஒன் வீட்டுக்காரன்ட்டச் சொல்லி ஒரு டப்பா வாங்கு. நாங்க எல்லாம் வளக்கலியா?" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அன்று இரவே டப்பாவும் புட்டியும் வந்தன.

குழந்தை புட்டியைக் குடித்துத் தூங்கியது. தாய் மார்பு வலியில் விழித்துக்கொண்டு கிடந்தாள். "என் பால் என் புள்ளைக்கு ஆகலியே பெரியம்மா" என்று மறுநாள் அவள் அழுதபோது, டப்பா வாங்கச் சொன்னவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

ஏழாம் நாள் ஆஷா ஊழியர் வந்தார். அரசாங்க ஏற்பாட்டின்படி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா ஊழியர் வந்து பார்க்கவேண்டும். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழி மாற்றிச் சொன்னாள்.

ஆஷா ஊழியர் மருந்து எதுவும் தரவில்லை. "கொடு, பார்க்கிறேன்" என்று எதிரில் உட்கார்ந்தார். குழந்தையின் முகம் மட்டும் தாயின் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு கூரையைப் பார்த்துக் கிடந்தது. காம்பின் நுனி மட்டும் வாயில் இருந்தது. அவர் குழந்தையைத் திருப்பி, தாயின் வயிற்றோடு ஒட்டவைத்தார். மூன்றாம் முயற்சியில் குழந்தை ஆழமாகக் கவ்வியது.

வலி அன்றே பறந்துவிடவில்லை. வெடிப்பு இருந்த இடம் எரியத்தான் செய்தது. ஆனால் பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. நான்கைந்து நாளில் புண் ஆறத் தொடங்கியது. புட்டியைப் படிப்படியாகக் குறைத்து முழுவதும் விட இரண்டு வாரம் பிடித்தது. இரவில் தண்ணீர் பிடிப்பதும் குழந்தைத் துணி அலசுவதும் கணவரின் வேலை ஆயின. பெரியம்மாவோ, அந்த வரிசையில் அடுத்துப் பிள்ளை பெற்ற பெண்ணிடம், "டப்பாவைத் தொடாத. மொதல்ல வயித்தோட வயிறு ஒட்ட வச்சுப் பாரு" என்று சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

புண் ஆற

பிடி சரியானால் புண் தானே ஆறும். மருந்து அதற்கு அடுத்தபடிதான்.

பால் கொடுத்து முடித்ததும் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்கள். ஒற்றை அறையில் அது கஷ்டம்தான். ஒரு புடவையைக் கொடி கட்டி மறைத்துக்கொண்டால் போதும். ஈரமான துணியும் இறுக்கமான உள்ளாடையும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் உலர்ந்து இன்னும் வெடிக்கும். தினமும் குளிப்பதே போதுமான சுத்தம்.

வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுங்கள். பசி கொஞ்சம் அடங்கியதும் குழந்தை மெதுவாக இழுக்கும். அப்போது மறுபக்கம் மாற்றலாம். ஒரு பக்கம் தாங்க முடியாத புண்ணாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். புட்டி வேண்டாம். பாலாடை நம் வீட்டுச் சாமான். இன்று வடநாட்டு ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்டும் கருவிக்கும் "பாலாடை" என்ற நம் பெயர்தான்.

தாங்க முடியாத வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை போடலாம். பால் கொடுக்கும் தாய்க்கு அதனால் கெடுதல் இல்லை. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வேறு காரணங்கள்

பிடி சரியாக இருந்தும் வலி விடவில்லையா? வேறு காரணம் பார்க்கவேண்டும்.

சிலருக்குக் காம்பில் பூஞ்சைக் காளான் பிடிக்கும். நெருப்புப் பட்டது போல் எரியும், அரிக்கும். பால் கொடுத்து முடித்த பிறகும் வலி தொடரும். குழந்தையின் வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து வைத்தியம் செய்யவேண்டும். ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

சில குழந்தைகளுக்கு நாக்கின் அடிநரம்பு குட்டையாக இருக்கும். நாக்கை நீட்ட முடியாது. நுனியையே கடிக்கும். டாக்டர் பார்த்துத் தேவை என்றால் அந்தச் சவ்வைச் சிறிது வெட்டி விடுவார்.

காம்பு உள்ளடங்கிய தாய்மார்களும் பால் கொடுக்கலாம். குழந்தை கவ்வவேண்டியது மார்பையே தவிரக் காம்பை அல்ல. காம்பை வெளியே கொண்டுவர நர்சுகள் சொல்லித்தரும் வழிகளும் உண்டு.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் உயிர் போகும் வலி எடுத்து, குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அது மார்பு அழற்சி. ஒரு நாளைக்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது. டாக்டர் தேவை என்று கருதினால் பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்து தருவார். சொன்ன நாள் முழுவதும் சாப்பிடவேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக்கூடாது.

"காய்ச்சல் பால் குழந்தைக்கு ஆகாது" என்பது தவறு. தொடர்ந்து கொடுக்கவேண்டும். திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டியாகும். சீழ் பிடித்துவிட்டால் ஊசியாலோ சிறு அறுவையாலோ எடுக்கவேண்டி வரும்.

ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வது?

மொழி தெரியாத கூச்சத்தில் பல பெண்கள் வலியை மறைத்துவிடுகிறார்கள். இரண்டு வரி தெரிந்தால் போதும்.

இந்தியில்: "தூத் பிலாத்தே வக்த் தர்த் ஹோத்தா ஹை. ஏக் பார் தேக் லீஜியே." பால் கொடுக்கும்போது வலிக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்று அர்த்தம்.

மராத்தியில்: "தூத் பாஜ்தானா துக்தே. ஏக்தா பகா."

காய்ச்சலுக்கு இந்தியில் "புகார்". அங்கே போய்ப் புகார் என்றால் மனு கொடுக்க வந்ததாக நினைக்க மாட்டார்கள். மராத்தியில் "தாப்".

முக்கியமாக, மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். குழந்தை குடிப்பதை ஒரு தடவை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

சயானில் பால் வங்கி

தாய்ப்பால் விஷயத்தில் மும்பைக்கு ஒரு பெருமை உண்டு. அது நம் தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் 1989-ம் ஆண்டு தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி அது. அங்கே குழந்தை மருத்துவராக இருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அதைத் தொடங்கினார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளும் தொற்றுநோயில் மடிவதைக் கண்டு எடுத்த முயற்சி அது.

பால் மிகுதியாக உள்ள தாய்மார்களின் ரத்தத்தைச் சோதித்து, அவர்கள் மனமுவந்து தரும் பாலைச் சேகரிக்கிறார்கள். 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். சோதித்த பிறகே குழந்தைக்குத் தருகிறார்கள். ஏழைத் தாயின் பால் இன்னொரு ஏழைக் குழந்தையின் உயிரைக் காக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல அது.

இதுபோன்ற மையங்களை அரசு ஆஸ்பத்திரிகளில் அமைப்பதற்கு மத்திய அரசு 2017-ல் வழிமுறைகளை வெளியிட்டது. பாலைச் சேர்ப்பது மட்டும் அல்ல, பால் கொடுக்கத் தவிக்கும் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும் இந்த மையங்களின் வேலை.

டப்பாப் பாலின் கணக்கு

குழந்தை இழுக்க இழுக்கத்தான் பால் ஊறும். புட்டி கொடுத்தால் குழந்தை குறைவாக இழுக்கும். இழுப்பு குறைந்தால் ஊறுவதும் குறையும். பிறகு "பால் போதவில்லை" என்று இன்னொரு புட்டி. இப்படித்தான் ஒரு டப்பா பல டப்பா ஆகிறது.

விலை ஏறியதும் தண்ணீரை அதிகமாகக் கலக்கும் வீடுகள் உண்டு. குழந்தைக்கு வயிறு நிறையும், உடம்பு தேறாது. புட்டியைக் கொதிக்கவைக்க வசதி இல்லாத இடத்தில் வயிற்றுப்போக்கு வரும்.

குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி தருவதையும் 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2003-ல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

சில குழந்தைகளுக்கு டாக்டரே டப்பாப் பால் எழுதிக்கொடுப்பது உண்டு. அந்தத் தாய் குற்றவாளி அல்ல. அவளை இடித்துப் பேசவேண்டாம். அளவும் சுத்தமும் தவறாமல் கொடுத்தால் போதும்.

பால் போதுகிறதா?

வலியோடு இருக்கும் தாய்க்கு இந்தச் சந்தேகம் கூடவே வரும். கணக்கு இதுதான்.

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது. முதல் சில நாளில் எடை சிறிது குறைவது இயல்பு. சுமார் இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடவேண்டும்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மும்பை வெயிலிலும் தேவையில்லை. பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது.

தாய்க்குத் தண்ணீர் தரக்கூடாது என்று சிலர் தடுப்பார்கள். அது தவறு. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கவேண்டும். பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பிடி தவறாக இருந்தால் எந்தச் சாப்பாடும் வலியைப் போக்காது.

கணவர் என்ன செய்யலாம்?

"இது பெண்கள் விஷயம்" என்று வெளியே போய் நிற்பவர்கள் உண்டு. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண் செய்யலாம்.

தண்ணீர் பிடிப்பது, துணி அலசுவது, சோறு வடிப்பது, குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்வது எல்லாம் உதவிதான். பால் கொடுக்க உட்காரும்போது தலையணையை முட்டுக் கொடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாலே பெரிய ஆறுதல். குழந்தை பார்க்க வரும் கூட்டத்தை நாசூக்காக வாசலிலேயே பேசி அனுப்பவும் தெரியவேண்டும். பயமும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும். தைரியமான ஒரு வார்த்தை அதை இளக்கும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகள் வரை, மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. தனியார் கம்பெனியில் கம்பெனி வைத்ததே சட்டம். இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017-ல் வந்த திருத்தத்தின்படி, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பீய்ச்சிய பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில் வைத்து 4 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். கடும் வெயிலில் இன்னும் சீக்கிரம் கொடுப்பது நல்லது. பிரிட்ஜில் வைத்தால் 4 நாள் வரை தாங்கும்.

பிரசவமாகி இரண்டு வாரத்துக்குப் பிறகும் தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ, தூக்கமில்லாமல் தவித்தாலோ, "இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம்" என்று பேசினாலோ, திமிர் என்று திட்டாதீர்கள். அதுவும் வைத்தியத்துக்குரிய நோய். 14416 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது.

அக்கம்பக்கத்தில் புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், குழந்தை யார் சாயல் என்று கேட்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "பால் கொடுக்க வலிக்கிறதா, அம்மா?" என்று அவள் காதோடு ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஆள் இல்லாமல்தான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள்.